நாலு மணிக்கு டிரைவர் மாறணும்

அக்கா,

இன்று காலை அத்தைக்குத் தலைக்கு ஊற்றித் துடைத்துவிட்டு, கழுத்தில் போடலாம் என்று பவுடர் டப்பாவைத் திறந்தேன். வழக்கமாக வாங்குவது கடையில் இல்லையென்று என் வீட்டுக்காரர் வேறு ஒன்று வாங்கி வந்திருந்தார். சந்தன வாசனைப் பவுடர். உன் பவுடர். மூடியைத் திருகியதும் குப்பென்று நீ வந்து நின்றாய். அத்தையின் தோளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "குளுருதுமா," என்று அத்தை முனகிய பிறகுதான் கை நகர்ந்தது.

"ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு மட்டும்தான் பவுடரா? பாத்துக்குறவங்களுக்கு இன்னா, மூஞ்சி இல்லியா?" என்று ஒருநாள் என் கன்னத்திலும் இரண்டு தட்டு தட்டிவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்று ராத்திரி கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "எங்கயாவது கல்யாணமா?" என்று கேட்டார். பட்டுக்கடையில் நாள் முழுக்கக் கல்யாணப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிற மனிதர். சொந்தப் பெண்டாட்டி முகத்தில் பவுடரைப் பார்த்தால் அவருக்கு அது அதிசயம். இன்றைக்கும் போட்டுக்கொண்டேன். அத்தை சாப்பிட்டுப் படுத்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ எங்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்தபோது உன்னைப் பார்த்து நான் தலையசைப்பதோடு சரி. பேச நேரம் ஏது? அத்தைக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்த காலம். உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர் என்பதும், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது என்பதும் தெருவில் பேசிக்கொண்டதுதான். காலையில் அவர் உன்னைத் திட்டுகிற சத்தம் கேட்கும். அதற்கு மேலே நீ சிரிக்கிற சத்தம் கேட்கும். இந்தப் பொம்பளைக்குச் சுரணையே இல்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தாய். கதவு திறந்திருந்தது, நேராக அடுக்களைக்கே வந்துவிட்டாய். நான் மேடையோரம் நின்றபடி அத்தை சாப்பிட்டு வைத்த கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பில்லாமல் குழையப் பிசைந்த சோறு, ஆறிப்போனது.

"இன்னா துன்னுற?" என்றாய்.

"அத்தைக்குப் போட்டது மிச்சமாயிடுச்சிக்கா. வீணாப் போவுதேன்னு..."

"உனக்குன்னு போட்டது எங்க?"

எனக்கென்று ஒன்றும் போட்டிருக்கவில்லை. அத்தை மிச்சம் வைப்பதுதான் என் சாப்பாடு என்று எப்போது ஆனது என்று எனக்கே தெரியாது. அத்தை எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்ட நாளில் டீ குடித்துவிட்டு இருந்துவிடுவேன். எங்கள் வீட்டு அலமாரியை உன் வீடு மாதிரி துழாவி ஒரு தட்டை எடுத்தாய், சோறு போட்டாய், குழம்பு ஊற்றினாய், என்னை உட்கார வைத்தாய். "கோயில் பிரசாதம் மாதிரி துடைச்சி துன்னுக்கினு இருக்குறா பாரு! மொதல்ல நீ துன்னு. அப்புறம் அவுங்களுக்கு ஊட்டு. வயிறு நெறஞ்சவ கைக்குத்தான் பொறும இருக்கும்." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராவது எனக்குச் சோறு போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, அக்கா. அதனால்தான்.

அப்புறம் நீ தினமும் காலையில் எதிர் வாசலிலிருந்து குரல் கொடுப்பாய்: "கலா, நாஷ்டா துன்னியா?" இல்லை என்றால் தெருவே கேட்கத் திட்டுவாய். அதற்குப் பயந்தே இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன்.

ஆனால் சாப்பாடு ஒன்றுதானா? அத்தையைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டிருந்தது. அதையும் நீதான் கண்டுபிடித்தாய். "தூக்காதடி. கூடச் சேந்து எழுந்திரு. முட்டிய மடக்கு, இடுப்ப மடக்காத. மொதல்ல உன் காலு நெலையா நிக்கட்டும், அப்புறம் அவுங்க கையப் புடி." உன் வீட்டுக்காரருக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் கற்றுக்கொண்டதை என்னை உட்கார வைத்து, எழுப்பி, செய்து காட்டினாய். நீ என்னை எழுப்பிய அழகைப் பார்த்து அத்தை கைகொட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை.

என் நாத்தனார் மாதத்துக்கொரு தரம் ஆப்பிளோடு வருவாள். "ஏதாவது உதவி வேணுமா அண்ணி?" என்று கேட்பாள். நானும், "ஒண்ணும் வேணாம், நீ வந்ததே போதும்," என்பேன். அவள் போனதும் பாத்திரத்தை உருட்டுவேன். ஒருநாள் நீ அதைப் பார்த்துவிட்டாய். "கேக்கும்போது வேணாம்னுட்டு, போனப்புறம் பாத்திரத்துகிட்ட கோச்சிக்கினா அவளுக்கு எப்டித் தெரியும்? ஞாயித்துக்கெழம வந்து அம்மாவுக்கு தலைக்கு ஊத்திட்டுப் போன்னு சொல்லு. வேலையச் சொல்லு. அன்ப எல்லாம் அவ ஆப்பிள்லயே காட்டிட்டா." அடுத்த தரம் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் போன போக்கு! ஆனால் வந்தாள். இன்றும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இன்னும் ஆப்பிளோடுதான்.

உன்னிடம் நான் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். அத்தையை வேறு யார் கையிலும் விடமாட்டேன் என்பதில். அத்தை எனக்கு மாமியார் மட்டுமா? கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சமையல் தெரியாது. சாம்பாரில் உப்பு கரித்தால், "நான்தான் ரெண்டாவது வாட்டி போட்டுட்டேன்," என்று எல்லார் முன்னாலும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவர். அவரை முதியோர் இல்லத்தில் விடலாம் என்று சொந்தக்காரர்கள் பேச்செடுத்தபோதெல்லாம் நான் எரிந்து விழுந்தேன். கடைசிவரை இந்த வீட்டில்தான், என் கையில்தான் என்றேன். "எங்கிட்ட மட்டும்தான் சாப்புடுவாங்க," என்று உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன். நீ, "அப்டியா?" என்று மட்டும் கேட்டாய்.

அத்தைக்குப் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீயும் உன் வீட்டுக்காரரோடு வந்திருந்தாய். நர்ஸ் அத்தைக்குப் பார்த்து முடித்ததும், என் கையைப் பிடித்து இழுத்து மேஜைமேல் வைத்தாய். "இந்தக் கைக்கும் போடு சிஸ்டர்." நர்ஸ் ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். எழுந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அத்தைக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம். "இப்படியே விட்டா உங்க மாமியாருக்குப் பக்கத்துக் கட்டில்ல நீங்க படுப்பீங்க. அப்ப ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?" என்று டாக்டர் கேட்டார்.

ஆட்டோவில் திரும்பி வீட்டு வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தாய்.

"எங்க ஆளு வெங்காய லோடுக்கு நாசிக் வரைக்கும் போவாரு. லாங் போற வண்டிக்கு ரெண்டு டிரைவர். ஒருத்தன் ஓட்டும்போது ஒருத்தன் தூங்கணும். தூங்காமயே நான் நல்லா ஓட்டுவேன்னு எவனாவது சொன்னா, அவன் கையில சாவியே குடுக்கமாட்டாங்க. நீ தனியாவே ஓட்டுறேன்னு சொல்லிக்கினு இருக்குற. உன் மாமியார உள்ள வெச்சிக்கினு வண்டிய எந்தப் பள்ளத்துல வுடப்போற?"

உனக்குப் பின்னால் நின்ற உன் வீட்டுக்காரர், அண்ணன்தான், குழறலாக, "கரீக்ட்டு," என்றார். அவர் உன்னை ஆமோதித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நாலு மணிக்கு அண்ணனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். தெருவைக் கடப்பது அவருக்கும் பயிற்சிதான் என்றாய். கூடத்தில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தாய். "நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நான் ஓட்டுறேன். அஞ்சுலேர்ந்து ஆறு நீ ஓட்டு, நான் போய் நடந்துட்டு வரேன். இப்ப கௌம்பு. பெருமாள் கோயில் மதில் ஓரமா நட. சாமி கும்புடு, கும்புடாத, அது உன் இஷ்டம். ஆனா நடக்கணும்."

போனேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. அத்தை என்னைக் காணாமல் தவிப்பார் என்று அரக்கப்பரக்கத் திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தவிக்கிறாராவது! நீ ஊட்ட ஊட்ட, உப்புமாவை மளமளவென்று வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாயை இறுக மூடிக்கொள்கிற அதே அத்தை. அது மட்டுமா? உன்னிடம் குறை வேறு. "எங்க வூட்ல ஒரு பொண்ணு வேலைக்கு இருக்குது. எனக்கு சோறே போடாது. நீதான்மா மகராசி."

எனக்கு வந்ததே கோபம்! உன் மேலா, அத்தை மேலா, தெரியவில்லை. உள்ளே வந்து பையை ஓங்கி வைத்தேன். நீ என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய். "அடி லூசு, அவுங்களுக்கு நான் விருந்தாளிடி. விருந்தாளி முன்னாடி யாராவது அடம் புடிப்பாங்களா? உங்கிட்ட உரிம இருக்குது, அடம் புடிக்கிறாங்க." கோபம் போகாமலே நானும் சிரித்துவிட்டேன்.

அன்று உன் கையில் ஒரு வித்தையும் இருந்தது. அத்தை இளவயதில் தறிக்காரர்கள் வீட்டில் இழை பிணைக்கப் போனவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீரும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஞாபகம் எல்லாம் போன பிறகும் விரலுக்கு அது மறக்கவில்லை. படுக்கை விரிப்பிலிருந்து நூலை உருவி உருவி முடிந்துகொண்டே இருப்பார். விரிப்பு பாழாகிறதே என்று நான் கையைத் தட்டிவிடுவேன். நீ பக்கத்துத் தறியிலிருந்து கழிவு நூல் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்து மடியில் போட்டாய். விரல் நூலில் இருக்க, வாய் தானாகத் திறந்தது. இத்தனை நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

அஞ்சு மணிக்கு உன் முறை வந்தது. நீ நடக்கப் போனதும் அண்ணன் கையில் பந்தைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தேன். அந்த மனிதர், "சரிமா, சரிமா," என்று பச்சைப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினார். திரும்பி வந்து பார்த்த உனக்கு ஆத்திரம். "யோவ், எங்கிட்ட மட்டும் பந்தத் தூக்கி அடிக்கிற! இன்னா, கலான்னா பூப்பந்தா?" அவர் வலது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அக்கா, அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்னவெல்லாம் கொடுத்தது! முதலில் சும்மா நடந்தேன். அப்புறம் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்து நின்று பேசினேன். அப்புறம் எனக்கென்று வளையல் வாங்கினேன். மாத்திரை நேரத்துக்குப் போட்டேன், தூக்கம் வந்தது, டாக்டரின் முகமும் தெளிந்தது. வைகாசியில் கருடசேவைக்கு விடியற்காலையிலேயே வந்து என்னைக் கிளப்பினாய். "உங்க சாமிய நீ போய் பாரு. உங்க மாமியார நான் பாக்குறேன்." நான் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, மூங்கில் குடலையில் அவித்த கோயில் இட்லி வாங்கி வந்தேன். நீ, "மொளகு தூக்கலா இருக்குது," என்று குறை சொல்லிக்கொண்டே முழுசாகத் தின்று தீர்த்தாய்.

இப்படியே போகும் என்று நினைத்தேன். போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, மீன் குழம்பு வைத்து, பக்கத்துக் கடையில் தக்காளி சல்லிசு என்று எனக்குத் தகவல் சொல்லி, படுக்கப் போனாய். காலையில் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். உனக்கு! உப்பைக் குறைத்தவள், தினம் நடந்தவள், பிரஷர் பார்த்துக்கொண்டவள், உனக்கு.

சாவு வீட்டில் உன் உறவுக்காரப் பெண் ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். "தெனம் வாக்கிங் போனா. வாய கட்டுனா, வயித்த கட்டுனா. இன்னாத்தக் கண்டா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கடசி நாள் வரைக்கும் சிரிச்சிக்கினு இருந்தாங்களே, அதக் கண்டாங்க. நீங்க கண்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்கு உன்மேல் தீராத கோபம். என்னைப் பழக்கிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே. நடையை நிறுத்தினேன். மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. மறுபடியும் அத்தையின் கிண்ணத்தை வழிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் குளியலறையில் அத்தையைப் பிடித்தபடியே தலை சுற்றி, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து தப்பித்தோம். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். முதியோர் இல்லம் என்ற பேச்சை இந்தத் தடவை எடுத்தவர் அவர்தான். "அம்மாவுக்காக மட்டும் சொல்லல. உன்னயும் பறிகொடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டார். நான் எரிந்து விழவில்லை. எனக்குத் தெம்பில்லை. சரி, போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன நாள் போல ஒரு நாள் எனக்கு வரவே கூடாது.

மறுநாள் சாயங்காலம் அத்தை நூலோடு உட்கார்ந்திருந்தார். நான் தரையில் சுருண்டு கிடந்தேன். கதவைத் தடியால் யாரோ இடித்தார்கள். திறந்தால், அண்ணன். வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். பின்னால், சாவுக்கு வந்து உன் வீட்டிலேயே தங்கியிருந்த உன் மருமகள், முகமெல்லாம் வெளிறிப்போய். "நானே கூட வரேன்னு எவ்ளோ சொன்னேன் ஆன்ட்டி! கையத் தட்டிவுட்டுட்டு தனியாவே ரோட்டத் தாண்டிட்டாரு." உன் கை இல்லாமல் அவர் அந்தத் தெருவைக் கடந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாமா, படுத்துக்கினு கீற? மணி நாலாச்சி," என்றார்.

"அண்ணே, நீங்க எப்டி..."

அவர் மெதுவாகத் தன் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். அப்புறம் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "ஒரு கை ஓடுது. வாய் ஓடுது. இவுங்க எழுந்து வெளிய போனா கத்துவேன். எதிர் வூட்ல மருமவ கீது, ஓடியாரும். இது எம் பொண்டாட்டி ஒத்துக்கின டூட்டி. அவ பாதில எறங்கிட்டா. அதுக்குன்னு வண்டிய நடுரோட்ல வுட முடியுமா? நீ போமா."

போனேன், அக்கா. மதில் ஓரமாக அழுதுகொண்டே நடந்தேன். பூக்காரம்மா, "இன்னா கண்ணு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நடக்கிறேன் என்றேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தை வாழைப்பழத்தை உரித்து உரித்து உன் வீட்டுக்காரருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். "இன்னா பண்றது? நான் ஒரு வாய் துன்னாத்தான் அவுங்க ஒரு வாய் துன்றாங்க," என்று அவர் சங்கடமாகச் சொன்னார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம், எங்கேயும் போய்ப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

உன் மகன் அவரை வாலாஜாபாத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தான். அண்ணன் அசையவில்லை. கடைசியில் அவன்தான் இங்கேயே குடும்பத்தோடு தங்கி, அங்கே வேலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறான். அண்ணன் இப்போதெல்லாம் மருமகளைத் திட்டுவதில்லை. சாயங்காலத்துக்கென்று சட்டையை மாற்றிக்கொண்டு, மூன்றரைக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாராம். டாக்டர் அவர் நடையைப் பார்த்து என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

மருந்துக் கடையில் போன வாரம் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அப்பா படுத்த படுக்கை. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "என்னத் தவிர யாருகிட்டயும் சாப்பிடமாட்டாருக்கா," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள். "நீ நாஷ்டா துன்னியா?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை எனக்குத் தெரியும். புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை இந்த வீட்டில்தான் இருக்கிறார், அக்கா. என் கையில் மட்டும் இல்லை, அதனால்தான் இருக்கிறார். இதை நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும், "சரி சரி, கௌம்பு," என்றுதான் சொல்லியிருப்பாய்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் தெருவில் தடிச் சத்தம் கேட்கிறது. அண்ணன் வருகிறார். நான் இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் திட்டுவார்.

நடந்துவிட்டு வருகிறேன்.

கலா